தண்ணீர் உறையும் பொழுது

தட்டை இலேசாகச் சாய்த்துப் பார்த்தாள் ஜொஹரா. இன்னும் உறையவில்லை. நடுவில் மட்டும் பாலாடை மாதிரி ஏதோ பிடித்திருந்தது. ஓரத்தில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. சாய்த்த பக்கம் ஓடிவந்து, விளிம்பில் தயங்கி, திரும்பிப் போயிற்று. மதியத்து லுஹர் தொழுத கையோடு காய்ச்சி ஊற்றியது. கடல்பாசியை ஊறவைத்து, கொதிக்கவிட்டு, வடிகட்டி, பால் இல்லை, சீனி இல்லை, ரோஸ் எசன்ஸ் இல்லை, வெறும் தண்ணீர். நோன்பு மாதத்தில் கீழக்கரையில் எந்த வீட்டு அடுப்படியிலும் இந்நேரம் கடல்பாசி உறைந்துகொண்டுதான் இருக்கும், பச்சையாக, சிவப்பாக, மேலே பாதாம் சீவிப்போட்டு, நோன்பு திறக்கும்போது சாய்சதுரமாக வெட்டி அடுக்குவதற்கு. இந்த வீட்டில் மட்டும் நிறமில்லாத கடல்பாசி, வாப்பாவுக்கு. வாப்பாவுக்கு வலது பக்கம் விழுந்ததிலிருந்து தொண்டையும் விழுந்துவிட்டது. தண்ணீரைத் தண்ணீராகக் கொடுத்தால் அது வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குப் போய்விடும், நுரையீரலில் தேங்கிவிடும், எதுவானாலும் கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கிற பதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண் சொல்லிக்கொடுத்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டவள் ஜொஹராதான். பக்கத்தில், வாப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிற குருசம்மாவும் நின்றாள். இரண்டு பேரும்தான் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தானே காக்கா, கூடப்பிறந்த அண்ணன், இவ்வளவு சுலபமாக, ஐயோ, மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறது. தட்டைப் பார். தட்டை மட்டும் பார். ஒரு பல்லி கூரைச் சந்திலிருந்து சத்தம் கொடுத்தது. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துக் காக்கா படுத்திருந்தார், சென்னையிலிருந்து ஓடிவந்த களைப்பு, குறட்டை. அதற்கும் உள்ளே, அறையில், வாப்பாவின் மூச்சு. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து அந்த மூச்சில் ஒரு கரகரப்பு, வண்டல் நிறைந்த குழாயில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. காக்காவின் குறட்டையையும் வாப்பாவின் மூச்சையும் அவள் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டே இருந்தது. குறட்டை நின்றால் பயம், அவர் எழுந்துவிடுவார். மூச்சு நின்றால், சொல்லாதே, சொல்லாதே.

உறைஞ்சிருச்சா என்று உம்மா கேட்பாள், இருந்தவரைக்கும், இதே அடுப்படியில். செட் ஆயிருச்சாம்மா என்று சென்னையிலிருந்து போனில் கேட்பாள் ஜொஹராவின் மகள். குருசம்மா கட்டிப்போச்சாக்கா என்பாள். ஆஸ்பத்திரிப் பெண் ஜெல் ஆகணும் என்றாள். வாப்பாவுக்கு மட்டும் உறைதல்தான். கட்டிப்போறது வேற, இறுகுறது வேற, உறையறது வேற புள்ளே, என்று ஒருமுறை, திடமாக இருந்த காலத்தில், இதே போன்ற ஒரு தட்டை விரலால் தட்டிக்காட்டிச் சொன்னார். தட்டு முழுவதும் ஒரே நடுக்கமாக நடுங்கியது. இரும்பு இறுகும், மண்ணு கட்டிப்போகும், உறையறதுன்னா உள்ள ஈரம் ஈரமாவே இருக்கணும், ஓட மட்டும் முடியாது. தமிழ் வாத்தியார். விருந்துக்கு வந்தவர்கள் பேச்சைக்கூட நிறுத்தித் திருத்துவார், உம்மாவுக்கு அவமானமாக இருக்கும். பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஜொஹராவுக்கும் அவர்தான் வாத்தியார். வீட்டில் வாப்பா, அங்கே சார் என்று கூப்பிட வேண்டும், நாக்கு குழறும். உறைதல் என்றால் தங்குதல் என்று கரும்பலகையில் எழுதினார், இறைவன் உறையும் இடம். ஜொஹரா கையைத் தூக்கி, அப்ப அல்லாஹ் கடல்பாசி மாதிரி ஆயிருவானா சார், என்று கேட்க, வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வெளியே போய் நில் என்றார். நின்றாள். வேப்பமர நிழலில் நின்றுகொண்டு உள்ளே அவர் சொல்வதைக் கேட்டாள். உறைதல். அதோட ஒரு 'த்' சேருங்க. உறைத்தல். மிளகாய் உறைக்கும். சொல்லும் உறைக்கும். எவ்வளவு சொன்னாலும் உறைக்காத ஆளுங்களும் இருக்காங்க, வெளிய ஒண்ணு நிக்குது. மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்டது. அதற்குக் காரணமானவர் இன்று அந்த அறையில் வாயோரம் எச்சில் வழியப் படுத்திருக்கிறார். மூளைக்குப் போகிற குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காக்கா போனில் எழுதி அனுப்பினார், ரத்தம் உரைந்து என்று, சின்ன ர போட்டு. வாப்பாவின் பாதி முகம் செத்துக் கிடந்த அந்த நேரத்தில், ஜொஹராவுக்கு அந்த எழுத்துப்பிழைதான் கண்ணில் குத்தியது. உரை என்றால் பேச்சு. சின்ன ர-வை அவர் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். இப்படியெல்லாம் நினைக்கிற மனசு என்ன மனசு? அப்போதே தனக்கு ஏதோ கோளாறு இருந்திருக்கிறது.

வாய் காய்ந்திருந்தது. எச்சிலை விழுங்கினாள். நோன்பில் பசி பெரிசில்லை, இந்த லுஹருக்கும் சாயங்கால அஸருக்கும் நடுவில் தாகம்தான் ஆளைத் தின்னும். பங்குனி வெயில், உப்புக்காற்று, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவளுக்காவது பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் முடிந்தது. அவருக்கு எந்தப் பாங்கும் இல்லை. மாதக்கணக்காக நோன்பு. பேச்சு முழுவதும் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் காலையில் குருசம்மா முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது வாப்பா வாயைக் கோணி, நெற்றி நரம்பு புடைக்க, தண்ணி, என்றார். குருசம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தாள், அக்கா, வாத்தியாரய்யா பேசிட்டாரு, பேசிட்டாரு. ஜொஹரா அழுதாள். காக்காவுக்குப் போன் போட்டுப் போனை அவர் வாயருகே பிடித்தாள். வாப்பா, சொல்லுங்க வாப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க. தண்ணி. அந்தப் பக்கம் காக்கா, அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். மகள் வீடியோவில் பார்த்துக் கைதட்டினாள். பக்கத்து வீட்டு மாமி வந்தாள், அவளுக்கும் சொல்லிக்காட்டினார். சவூதியில் தம்மாமிலிருந்து ஜொஹராவின் வீட்டுக்காரரும் கேட்டார். எல்லோரும் சொல்லச் சொல்ல அவரும் சொன்னார், தண்ணி, தண்ணி, தண்ணி. ஒருவரும் கொடுக்கவில்லை. குழந்தை முதல் வார்த்தை பேசியதுபோல் எல்லோரும் சந்தோஷப்பட்டார்களே தவிர அவர் கேட்கிறார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. ராத்திரி அவர் முகத்தைத் துடைக்கும்போதுதான் கண்ணின் ஓரத்தில் ஈரம் இருந்தது, அப்போதுதான் சுருக்கென்றது. அதற்குப் பிறகுதான் இந்தக் கடல்பாசி யோசனை வந்தது. ஆஸ்பத்திரிப் பெண் கொடுத்த பொடியைக் கலக்கினால் கொழகொழவென்று சளி மாதிரி இருக்கிறது என்று துப்பிவிடுகிறார், கடல்பாசியானால் குளிர்ச்சியாக, வழுக்கிக்கொண்டு, தண்ணீர் மாதிரியே இருக்குமே. கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். விழுங்கினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாக, தண்ணி, என்றார். இதுவும் தண்ணிதான் வாப்பா. தலையை ஒரு பக்கமாக, அசைகிற பக்கமாக, அசைத்தார். இல்லை என்று. வார்த்தைக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் போய் இதுவும் தண்ணிதான் என்று சொன்னால் ஒத்துக்கொள்வாரா?

போன வாரம் அந்த மத்தியானம் கரண்ட் இல்லை. அதுதான் காரணம் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். கரண்ட் இருந்திருந்தால் விசிறி ஓடியிருக்கும், அவருக்கு அவ்வளவு வேர்த்திருக்காது. குருசம்மா கொல்லைப்பக்கம் கிணற்றடியில் அவருடைய விரிப்பைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள், தொப் தொப்பென்று சத்தம் வந்தது, ஏதோ மாதா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே. ஜொஹரா லுஹர் தொழுது சலாம் கொடுத்து முடித்திருந்தாள். முடித்திருந்தாள். அதில் சந்தேகமே இல்லை, தொழுகைத்துணி தலையில் இருந்தது, முசல்லாப் பாய் விரித்தபடி கிடந்தது, ஆனால் தொழுது முடித்திருந்தாள். தண்ணி, என்றார். வருது வாப்பா, உறையட்டும். தண்ணி. இன்னும் கொஞ்சம் நேரம். தண்ணி. அந்த மூன்றாவது தடவை குரல் வேறு மாதிரி இருந்தது, பள்ளிக்கூடத்துக் குரல், வெளியே போய் நில் என்ற குரல், இல்லை, அதற்கு நேர் எதிரான குரல், வெளியே நிற்கிற பிள்ளை உள்ளே வரட்டுமா என்று கேட்கிற குரல். அவளுக்குத் தொண்டை எரிந்தது. யாருடைய தாகம் என்று தெரியவில்லை. மண்பானையிலிருந்து மொண்டு வந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை வைத்தாள். ஒரு மடக்கு என்றுதான் நினைத்தாள். அவருடைய நல்ல கை வந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டது. பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. அவர் குடிக்கக் குடிக்க அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, குரல்வளை ஏறி இறங்க, பால் குடிக்கிற பிள்ளைபோல. உண்மையைச் சொன்னால், அல்லாஹ்வுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அவளுக்குத் தன் தொண்டையே நனைகிற சுகம் இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று சொன்னால் உலகம் ஒத்துக்கொள்ளும். அந்தச் சுகத்தை என்ன செய்வது? பிறகு இருமல். முகம் கறுத்தது. முதுகைத் தட்டினாள், தடவினாள், மெல்ல அடங்கிற்று. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதை மட்டும் எவ்வளவு நிதானமாகச் செய்தாள். குருசம்மா ஈரக்கையோடு உள்ளே வந்து, அய்யா இருமுனாரா, என்றாள். எச்சில் புரையேறிருச்சு, என்றாள் ஜொஹரா. அதுதான் முதல் பொய். சின்னது. காரமில்லாதது.

இரண்டாவது பொய், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில். ராத்திரியே காய்ச்சல் ஏறி, விடியும்போது மூச்சு இழுக்க, தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, யாரோ நேராகக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப்பிடித்துச் சொன்னார். காக்கா போனில் கேட்டார். யாரு குடுத்தா? தெரியல காக்கா. நீ எங்க இருந்தே அப்ப? அப்போது அவள் சொன்னாள், நான் தொழுதுகிட்டு இருந்தேன். வாயில் எப்படி வந்தது அந்த வார்த்தை? வேறு எத்தனையோ இருந்தன. குளித்துக்கொண்டிருந்தேன், கடைக்குப் போயிருந்தேன், எதுவும் வரவில்லை, தொழுகைதான் வந்தது, நோன்பு வைத்த வாயிலிருந்து.  அப்ப அந்தப் பொம்பளதான், என்றார் காக்கா. அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. இதைத்தான் நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொள்கிறாள், நான் ஆமாம் என்று சொல்லவில்லை, குருசம்மா பெயரை நான் எடுக்கவே இல்லை. வாப்பா சொல்லித்தந்த இலக்கணத்தில் பார்த்தால் அவள் சொன்னது வெறும் எச்சம். தொங்கிக்கொண்டு நின்றது. முற்றுப் போட்டு முடித்தது காக்கா. ஆனால் எச்சத்தை அங்கே வைத்தவள் யார், முடிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்துதானே வைத்தாள்? காக்கா அடுத்த நிமிடமே குருசம்மாவுக்குப் போன் போட்டு, இனி வீட்டுப் பக்கம் வராதே என்று கத்தினார். அவள் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லையாம். பாத்தியா, என்றார் காக்கா, குத்தம் பண்ணாதவளா இருந்தா சண்டைக்கு வந்திருக்க மாட்டாளா? அது என்னவோ ஜொஹராவுக்கும் விளங்கவில்லை. குருசம்மா சும்மா இருக்கிறவள் இல்லை. மீன்காரியோடு, கரண்ட்காரனோடு, ஜொஹராவோடேகூட வாய்க்கு வாய் நிற்பாள். போனில் சத்தமாகப் பாட்டு வைப்பாள். கேட்காமல் சீனி டப்பாவைத் திறந்து டீ போட்டுக்கொள்வாள். சில நாள் ஜொஹராவுக்கு அவளைக் கண்டாலே எரிச்சலாக வரும். வாப்பா அவளைப் பார்த்தால் மட்டும் அந்தக் கோணல் வாயால் சிரிக்கிறாரே என்று. அதுவும் இருந்ததா, அந்தத் தாழ்வாரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றபோது, அந்த எரிச்சலும் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்ததா? இல்லை. இருக்கலாம். இருந்தது.

மறுபடி தட்டைச் சாய்த்தாள். இப்போது ஓரமும் பிடித்துவிட்டது, நடுவில் விரலை வைத்தால் இலேசாகக் குழிந்தது. காக்கா தூங்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் படுத்தார், அஸருக்குப் பெறகு மடத்து மதருக்குப் போன் பண்ணணும், அந்தப் பொம்பளைய இனி எந்த நோயாளி வீட்டுக்கும் அனுப்பாதீங்கன்னு. கன்னியர் மடத்திலிருந்துதான் குருசம்மாவை அனுப்பினார்கள், இனி அனுப்ப மாட்டார்கள் என்றால் அவள் மறுபடி பாசி எடுக்கக் கடலுக்குப் போக வேண்டும். அதை விட்டுத்தான் இதற்கு வந்தாள், பாறையில் கால் கிழிந்து சீழ்பிடித்து. எழுப்பிச் சொல்லிவிடலாம். காக்கா, ஒரு விசயம். அதற்கு மேல்? அவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் தேய்த்துக்கொண்டு, என்ன என்பார். அதற்கு மேல்? மூன்று முறை அடுப்படி வாசல்வரை போனாள். ஒருமுறை, குறட்டை நின்றுவிடவே, வாசலில் மாட்டியிருந்த துணியை எடுக்க வந்தவள்போல் எடுத்துக்கொண்டு திரும்பினாள். உலர்ந்த துணியை மறுபடி மடித்தாள். பயம் என்ன, அடிக்கவா போகிறார்? அறுபது வயசு மனிதர். பயம் அதில்லை. வாப்பா பிழைத்துவிட்டார், அதனால் சொல்லலாம். ஆனால் அந்தக் கரகரப்பு நிற்காமல், நாளைக்கோ மறுநாளோ, ஏதாவது ஆகிவிட்டால்? அப்போது அவள் வெறும் பொய் சொன்னவளாக இருக்க மாட்டாள். குருசம்மா பெயரில் அது இருந்தால் ஊர் கொஞ்ச நாள் பேசும், மறக்கும். ஜொஹரா பெயரில் இருந்தால் வாப்பாவுக்கு ஓதுகிற ஒவ்வொரு வருட நினைவு ஃபாத்திஹாவிலும் காக்கா அவள் முகத்தைப் பார்ப்பார். இதுதான் கணக்கா? இவ்வளவு தெளிவாக இந்தக் கணக்கு உள்ளே ஓடியிருக்கிறதா, தொழுகைத்துணிக்குள்ளே? பொய்யை விடாதவன் பட்டினி கிடப்பதால் அல்லாஹ்வுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பயான் சொற்பொழிவில் கேட்டிருக்கிறாள். அப்படியானால் இந்த வாரத்து நோன்பெல்லாம் வெறும் பட்டினி. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலும் ஒன்றுதான். பானையைப் பார்த்தாள். குடிக்கவில்லை. உறைக்கிறதா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். உறைத்தது, நன்றாகவே உறைத்தது, ஆனால் கால் நகரவில்லை. உறைப்பு பட்டால் எழுந்து ஓடத்தானே வேண்டும், எதற்கு இன்னும் இங்கே நிற்கிறேன்?

கொல்லைக் கதவு தட்டப்பட்டது. திறந்தாள். குருசம்மா. வெயிலில் நடந்து வந்த முகம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. படி ஏறவில்லை. "என் சேலையும் செருப்பும் இருக்குக்கா, எடுத்துட்டுப் போயிடுறேன்," என்றாள். ஜொஹரா கொடியிலிருந்து சேலையை எடுத்து மடித்தாள், தேவைக்கு மேல் நேரமெடுத்து மடித்தாள். "வாத்தியாரய்யா எப்பிடி இருக்காரு?" "வந்துட்டாரு. மூச்சுதான் கொஞ்சம்." குருசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சண்டை போடுவாள் என்று ஜொஹரா காத்திருந்தாள். கேட்கட்டும், நான் குடுக்கலன்னு ஒனக்குத் தெரியாதான்னு கத்தட்டும், அப்போது சொல்லிவிடலாம், அப்போது தானாக வந்துவிடும். குருசம்மா சொன்னாள், "நாந்தான்க்கா. என்னாலதான்." ஜொஹராவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஒதடு வெடிச்சுக் கெடக்கும்லக்கா அய்யாவுக்கு. துணிய நனைச்சு வச்சு வச்சு எடுப்பேன். அவரு அதப் புடிச்சுச் சப்புவாரு. பாவமாயிருக்கும், இழுக்க மாட்டேன். அன்னைக்கிக் காலையிலயும் சப்புனாரு. அதுதான் உள்ள போயிருக்கு. அண்ணே போன்ல கேக்கவும் எனக்கு நாக்கே எழும்பல." மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "நேத்து கோயிலுக்குப் போயி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஒரு உசிரு எங் கையால போகப் பாத்துச்சுன்னு. நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க." ஜொஹராவின் கையில் மடித்த சேலை இருந்தது. ஒரு வினாடி, அந்த ஒரு வினாடியை அவள் பிறகு எப்போதும் மறக்க மாட்டாள், உள்ளே ஏதோ கலகலவென்று இளகிக் கீழே இறங்கியது, நிம்மதி, அப்பட்டமான நிம்மதி. யாருக்கும் தெரியப்போவதில்லை. இவளே ஒத்துக்கொண்டாள். பொய்கூட இனி சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும், சேலையைக் கொடுத்துக் கதவைச் சாத்தினால் போதும். துணித் துளியில் யாருக்கும் நெஞ்சு நிறையாது என்று அவளுக்குத் தெரியும். குருசம்மாவுக்குத் தெரியாது. இவள் சாகும்வரை முட்டி போட்டுக்கொண்டே இருப்பாள். அந்த நிம்மதியின் ருசி, டம்ளர் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இருந்த அதே ருசியாக இருந்தது. அதுதான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது.

"குருசம்மா, நில்லு," என்றாள். குரல் பெரிதாக வந்துவிட்டது. கூடத்தில் குறட்டை நின்றது. "என்ன ஜொஹரா, யாரு?" என்று கேட்டுக்கொண்டே காக்கா எழுந்து வந்தார், கைலியை இறுக்கிக்கொண்டு. குருசம்மாவைப் பார்த்ததும் முகம் சிவந்தது. "இவ எதுக்கு," என்று ஆரம்பித்தார். "தண்ணி குடுத்தது நான், காக்கா," என்றாள் ஜொஹரா. "டம்ளர்ல. மொண்டு வந்து நானே குடுத்தேன். இவ கெணத்தடியில துணி தொவச்சுக்கிட்டு இருந்தா." காக்கா அவளைப் பார்த்தார், குருசம்மாவைப் பார்த்தார். "நீ தொழுதுகிட்டு இருந்தேன்னு சொன்னியே?" "தொழுது முடிச்சிட்டேன்." "பொய்யா சொன்னே? நோன்போட? தொழுகைய வச்சு?"  அவர் கையை ஓங்குவதுபோல எடுத்து, அதைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "வாப்பா மவுத்தாயிருந்தா?" என்றார். "சொல்லு. உசிரு போயிருந்தா சொல்லியிருப்பியா?" அதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்னாள். "மாட்டேன் காக்கா." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, நிமிராமலே, "அம்மா, தப்பா நெனச்சுட்டேன்," என்று குருசம்மாவின் பக்கமாகச் சொன்னார்.

குருசம்மா அழுவாள் என்றோ கும்பிடுவாள் என்றோ ஜொஹரா நினைத்திருந்தாளோ என்னவோ. அவள் சேலையை வெடுக்கென்று பிடுங்கினாள். "செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கேன்," என்றாள். "ஒரு வாரமா சோறு எறங்கல எனக்கு. எம் மக மொகத்தப் பாக்க முடியல. எச்சில் புரையேறிருச்சுன்னு எங்கிட்டயே சொன்னீங்களே, எம் மொகத்தப் பாத்து." "ஆமா," என்றாள் ஜொஹரா. "ஆமாவா? இப்ப உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. எங்க தெருவுல யாரு சொல்லுவா? கொழாயடியில கொடத்த வச்சா பொம்பளைங்க நகந்து நிக்கிறாளுக. வாத்தியாருக்குத் தண்ணி குடுத்துக் கொல்லப் பாத்தவன்னு. நான் போயி இல்லேன்னு சொன்னா நம்புவாளுகளா?" கொல்லையில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, சந்தில் திரும்பி வேகமாகத் தெருவை நோக்கி நடந்தாள்.  ஜொஹரா உள்ளே ஓடினாள். காக்கா இன்னும் படியில் இருந்தார். "தட்டுல உறைஞ்சிருக்கு. சின்னக் கரண்டியால, தலைய முன்னால சாச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. முழுங்குனாரான்னு பாத்துட்டு அடுத்தது." "எனக்குத் தெரியாது ஜொஹரா, நான் ஒருநாளும்," என்றார். "நீ எங்க போறே? நோன்பு தொறக்கறதுக்குள்ள வந்துருவியா?" பர்தாவை மாட்டிக்கொண்டாள், பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டது தெரு முனையில்தான் தெரிந்தது. வெயிலில் கண் கூசியது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி அஸருக்கு இருமிக்கொண்டிருந்தது, கடைக்காரர்கள் வடைச் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடற்கரைத் தெருவுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் குருசம்மா ஏறி உட்கார்ந்திருந்தாள். ஜொஹரா மூச்சிரைக்க வந்து கம்பியைப் பிடித்தாள். "எங்க?" என்றாள் குருசம்மா. "கொழாயடிக்கு." குருசம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாரும் நிப்பாளுக இப்ப. சாயங்காலத் தண்ணி வர்ற நேரம்." "நிக்கட்டும்." "ஒருத்திகூட விடாமக் கேப்பா. எதுக்குக் குடுத்தே, எதுக்கு மறச்சேன்னு." "சொல்றேன்." ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, ஏறுறீங்களா இல்லையா என்றார். ஜொஹரா ஏறினாள். குருசம்மா நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. ஜொஹரா இருக்கையின் விளிம்பில், ஒரு கால் வெளியே தொங்க, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.